வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுக்கலாம், வாருங்கள்!

 

அமெரிக்காவில் பணிபுரியும் என் மச்சான் விடுமுறையில் ஊர் வந்தபோது, காப்பிக்கொட்டை வறுக்கும் சிறிய மின் இயந்திரம் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். பளபளக்கும் கண்ணாடிக் கூடு, வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு, நேரம் காட்டும் எண்கள் எனப் பார்க்கவே அழகாயிருந்தது. அதன் மின்கம்பியின் முனை தட்டையான ஊசிகளைக் கொண்டது. நம் சுவரில் பொருந்தாது. கடைக்கு ஓடி ஒரு பொருத்தியை வாங்கி வந்து மாட்டினேன். விசையை அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கருகிய நாற்றம் வந்தது, புகை எழுந்தது, இயந்திரம் அடங்கிப் போயிற்று. 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட பொருளுக்கு 230 வோல்ட்டைக் கொடுத்துவிட்டேன். பொருத்தி ஊசியின் வடிவத்தை மாற்றுமே அல்லாமல் மின்னழுத்தத்தை மாற்றாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மச்சானின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது. அயல்நாட்டில் உழைத்துச் சேர்த்த காசு அல்லவா? அருகில் நின்றிருந்த உம்மாவோ சிறிதும் பதறவில்லை.

"மிஷின் போனால் போகட்டும் வாப்பா. கொட்டையை வறுக்க உனக்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. உம்மா அடுக்களைக்குப் போய் இரும்புச் சட்டியை எடுத்து வந்தார்கள். அன்று நான் கற்றுக்கொண்டதையும், பின்னர் இரண்டாவது இயந்திரம் வாங்கிப் பழகியபோது கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் இக்கட்டுரையை உங்களுக்காக எழுதுகிறேன். இத்தகைய இயந்திரத்தை வாங்க எண்ணும் இல்லத்தார், பணத்தை எடுத்து வைக்குமுன் இதனை ஒருமுறை படித்துவிட்டால் என்னைப் போல் வருந்த வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.

நம் முன்னோர் வறுத்த கொட்டை

காப்பி நமக்கு அந்நியமான பானமன்று. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபி ஞானியர், இரவு நேர திக்ருகளில் உறக்கம் மேலிடாதிருக்கக் காப்பியைப் பருகினர். 1511ஆம் ஆண்டில் மக்காவில் மம்லூக் அதிகாரியாயிருந்த கைர் பேக், இதனைத் தடை செய்தார். அறிஞர்களிடையே பெரும் விவாதம் நடந்தது. ஆயினும் தடை நிலைக்கவில்லை. யமனின் முகா துறைமுகம் காப்பி வணிகத்தால் உலகப் புகழ் பெற்றது. அரபியரின் 'கஹ்வா' என்னும் சொல் துருக்கியரிடம் 'கஹ்வே' ஆகி, ஐரோப்பியர் நாவில் உருமாறி, நம்மிடம் 'காப்பி'யாக வந்து சேர்ந்தது.

இந்தியாவிற்குக் காப்பிச் செடி வந்த வரலாற்றிலும் ஒரு முஸ்லிம் பெரியாரின் பெயரே முன்னிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதான் அவர்கள், யமனிலிருந்து ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொண்டு வந்து, கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் விதைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அரபு நாட்டுப் பாலைவனக் கூடாரங்களில், விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே நீண்ட கைப்பிடியுள்ள ஆழமற்ற இரும்புக் கரண்டியில் கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, கஹ்வா காய்ச்சிக் கொடுப்பது மரபு. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார் ஆகிய நாடுகள் முன்வைத்த இந்த விருந்தோம்பல் மரபை, 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நம் தமிழகத்து வீடுகளிலும் ஒரு காலத்தில், கைப்பிடி வைத்த தகர உருளையைக் கரியடுப்பின்மேல் சுழற்றிக் கொட்டை வறுத்தார்கள். ஆகவே வீட்டில் வறுப்பது புதுமையன்று. நாம் இடையில் விட்டுவிட்ட பழக்கமே ஆகும்.

வறுக்கும்போது நடப்பது என்ன?

எந்த இயந்திரமானாலும் அது செய்யும் வேலை இரண்டுதான்: கொட்டைக்கு வெப்பம் தருவது, ஒரே பக்கம் கருகாதபடி புரட்டிக் கொண்டேயிருப்பது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் கண்ணும் காதும் மூக்குமே.

பச்சைக் கொட்டையில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு வரை ஈரம் உண்டு. முதல் சில நிமிடங்களில் அந்த ஈரம் வெளியேறும். அப்போது ஈரப்புல்லின் வாசனை வரும். பிறகு கொட்டை மஞ்சள் நிறமடையும். ரொட்டி சுடுவது போன்ற மணம் எழும். பின்னர் பழுப்பேறும். கொட்டையின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது, சோளம் பொரிவது போல 'பட் பட்' என்று தெளிவான ஓசை கேட்கும். இதுவே முதல் வெடிப்பு. கொட்டை பருத்து, அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய தோல் உரிந்து பறக்கும். இந்த வெடிப்பு ஓய்ந்தபின் சிறிது நேரம் அமைதி. பிறகு, சுமார் 225 டிகிரியை ஒட்டி, நெருப்பில் உப்புக்கல் இட்டால் வெடிப்பதைப் போல மெல்லிய, விரைவான ஓசை எழும். அது இரண்டாம் வெடிப்பு. அதைத் தாண்டினால் எண்ணெய் கசியும், புகை பெருகும், இன்னும் தாண்டினால் கரிதான்.

இந்த ஏணியின் எந்தப் படியில் இறங்குவது என்பதே வறுப்பவரின் கலை. முதல் வெடிப்பு முடிந்ததும் இறக்கினால் இளவறுவல். அதில் பழத்தின் புளிப்பும் மணமும் நிற்கும். இரண்டாம் வெடிப்பின் முதல் ஓசை கேட்டதும் இறக்கினால், பாலும் சர்க்கரையும் சேர்க்கும் நம் ஃபில்டர் காப்பிக்கு ஏற்ற பதம். அரபியரின் ஏலக்காய் மணக்கும் கஹ்வாவுக்கோ, பொன்னிறமான மிக இளைய வறுவலே போதும்.

முதலில் இரும்புச் சட்டி

இயந்திரம் வாங்க வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் கடைக்குப் போகாதீர்கள், அடுக்களைக்குப் போங்கள். கனமான இரும்புச் சட்டியில் 100 கிராம் பச்சைக் கொட்டையைப் போட்டு, நடுத்தரத் தீயில் மரக்கரண்டியால் இடைவிடாது கிளறுங்கள். ஏறத்தாழ 12 முதல் 15 நிமிடங்களில் மேலே சொன்ன எல்லா நிலைகளையும் நீங்களே கண்டும் கேட்டும் முகர்ந்தும் அறிவீர்கள். வறுவல் சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும், பாதகமில்லை.

இப்படி ஐந்து முறை வறுத்துப் பாருங்கள். மொத்தம் அரைக் கிலோ கொட்டைதான் செலவு. ஐந்தாவது முறைக்குப் பிறகும் ஆசை குறையாதிருந்தால், உங்களுக்கு இயந்திரம் பயன்படும். "கை வலிக்கிறது, புகை தாங்கவில்லை, யார் நின்று கொண்டிருப்பது?" என்று தோன்றிவிட்டால், பெருந்தொகை ஒன்று உங்களுக்கு மிச்சம். வாங்கிய மூன்றாம் மாதமே பரணேறும் பொருட்கள் நம் வீடுகளில் எத்தனை! வீண்விரயத்தை நம் மார்க்கம் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை?

இயந்திரம் தேர்வதற்கு முதல் அளவுகோல் அதன் அழகோ விலையோ அன்று. உங்கள் வீட்டின் வாரத் தேவையே. ஒரு குவளை ஃபில்டர் காப்பிக்கு ஏறக்குறைய 10 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் நாளைக்கு இருவேளை அருந்தினால் 80 கிராம். வாரத்திற்கு 560 கிராம். வறுக்கும்போது கொட்டை எடை குறையும் என்பதை மறக்கலாகாது. இளவறுவலில் 12 விழுக்காடும், கடுவறுவலில் 18 முதல் 20 விழுக்காடு வரையும் குறையும். நடுத்தரமாக 15 விழுக்காடு என்று கொண்டால், வாரந்தோறும் ஏறத்தாழ 660 கிராம் பச்சைக் கொட்டை வறுக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 120 கிராம் வறுக்கும் இயந்திரமானால் வாரத்திற்கு ஆறு முறை; 250 கிராம் வறுப்பதானால் மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் இடையில் இயந்திரம் ஆற வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சிறியதை வாங்கியவர் அலுத்துப் போவார். பெரியதை வாங்கிய இருவர் மட்டுமுள்ள குடும்பத்தார் பழைய கொட்டையையே குடித்துக் கொண்டிருப்பர்.

சிக்கரி கலந்து குடிக்கும் வீடுகளில் காப்பியின் அளவு அதற்கேற்பக் குறையும். நம் நாட்டுச் சட்டப்படி காப்பி சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும். கலவையின் விகிதத்தை உறைமேல் அச்சிடவும் வேண்டும். அதாவது, நாம் 'காப்பித்தூள்' என்று வாங்கும் கலவையில் ஏறத்தாழச் சரிபாதிவரை சிக்கரி இருக்கலாம். வீட்டில் வறுப்பதன் பெரும் நன்மையே, குடிப்பது இன்னதென்று அறிந்து குடிப்பதுதான்.

எந்த வகை நல்லது?

தொடங்குவோருக்கு ஏற்றவை மூன்று வகை.

முதலாவது, அடுப்பின்மேல் வைத்துக் கையால் சுழற்றும் உருளை அல்லது கைப்பிடிப் பாத்திரம். விலை குறைவு, மின்சாரம் வேண்டா, பழுதாக அதில் ஒன்றுமில்லை. கை ஓயாமல் சுழற்ற வேண்டும் என்பதும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதும் குறைகள். காதை நம்பியே வறுக்க வேண்டும்.

இரண்டாவது, வெப்பக் காற்றினால் கொட்டையைத் தூக்கிச் சுழற்றி வறுப்பது. 'ஃபிரெஷ் ரோஸ்ட்' என்னும் அமெரிக்க இயந்திரம் இவ்வகை, அதன் எஸ்.ஆர். 540 மாதிரி ஒரு தடவைக்குச் சுமார் 120 கிராம் வறுக்கும். கண்ணாடிக் கூட்டின் வழியே நிறம் மாறுவதைப் பார்க்கலாம். உரிந்த தோல் மேலுள்ள தட்டில் தானாகச் சேரும். வேலை 6 முதல் 10 நிமிடங்களில் முடிந்துவிடும். வேகம்தான் இதன் சிறப்பு, அதுவே ஆபத்தும்கூட. அரை நிமிடம் கவனம் தவறினால் பதம் தவறிவிடும். காற்றின் இரைச்சலில் வெடிப்போசையைக் கேட்கவும் பழக வேண்டும்.

மூன்றாவது, மின் உருளை. கொரிய நாட்டு 'ஜீன் கஃபே' சாய்வாகச் சுழலும் கண்ணாடி உருளையைக் கொண்டது. 250 முதல் 300 கிராம் வரை வறுக்கும். பார்ப்பதற்கு ரொட்டி சுடும் அடுப்பைப் போலிருக்கும் 'பெஹ்மோர்' சுமார் 450 கிராம் வரை கொள்ளும். உருளை வகை மெதுவாக, 12 முதல் 20 நிமிடங்களில் வறுக்கும். விலை அதிகம், இடமும் அதிகம் வேண்டும்.

பெஹ்மோரின் 1600 பிளஸ் மாதிரியில் ஓர் ஏற்பாடு உண்டு. குறித்த நேரத்தில் முக்கால் பங்கு கடந்தவுடன், அருகிலிருப்பவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; அழுத்தாவிட்டால் இயந்திரம் வெப்பத்தை நிறுத்திவிடும். "நீ இங்கே இருக்கிறாயா?" என்று இயந்திரமே கேட்கிறது, பாருங்கள்! வறுக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இம்மூன்றில், சட்டியில் பழகிய சிறு குடும்பத்தாருக்கு வெப்பக் காற்று வகையும், நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பத்தாருக்கு உருளை வகையும் பொருந்தும் என்பது என் கருத்து. எதை வாங்கினாலும் நான்கு கேள்விகளைக் கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். எத்தனை வோல்ட்? ஒரு தடவைக்கு எத்தனை கிராம்? உரிந்த தோல் எங்கே சேர்கிறது? பழுதானால் உதிரி உறுப்பு இங்கே கிடைக்குமா?

மின்சாரம்: நான் செய்த தவற்றைச் செய்யாதீர்!

இயந்திரத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்பனையாவது பெரும்பாலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதை நேராக நம் 230 வோல்ட்டில் மாட்டினால், வெப்பக்கம்பி தாங்க வேண்டியதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான ஆற்றல் பாயும், கருகுவதில் வியப்பில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் 1,600 வாட் இயந்திரத்திற்கு அதைவிடக் கூடுதல் திறனுள்ள, கனமான, விலை மிகுந்த டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதுவும் ஹெர்ட்ஸை மாற்றாது. சில மோட்டார்களின் வேகம் மாறிப்போகும். எனவே 230 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குவதே அறிவுடைமை. துபாய், ஷார்ஜா போன்ற இடங்களிலிருந்து உறவினர் கொண்டு வருவதானால், அங்கும் ஏறத்தாழ நம் மின்னழுத்தமே. ஊசி மட்டும்தான் வேறு. ஆயினும் தகட்டைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சுவரிலுள்ள சிறிய 6 ஆம்பியர் துளையில் 1,500 வாட் இயந்திரத்தை மாட்டலாகாது. அதன் வரம்பே 1,380 வாட்தான். குளிர்பதனப் பெட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் வைத்திருக்கும் 16 ஆம்பியர் துளையே தேவை. மெல்லிய நீட்டுக் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது. அது சூடாகி உருகும்.

இன்னொன்று. நம் ஊர்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்குவது உண்டு. அப்போது வெப்பம் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். காலையில் 9 நிமிடத்தில் முடிந்த வறுவல், மாலையில் 12 நிமிடம் கேட்கும். கடிகாரத்தை நம்பி வறுப்பவர் ஏமாறுவது இங்கேதான். நேரம் மாறலாம், மஞ்சள் நிறமும் ரொட்டி மணமும் வெடிப்போசையும் வரிசை மாறுவதில்லை.

பச்சைக் கொட்டை வாங்குதல்

ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் மலையடுக்குகள் என நம் தமிழகத்திலேயே நல்ல காப்பி விளைகிறது. தொடங்குவோர் 'பிளாண்டேஷன் ஏ' அல்லது 'பீபரி' வகை அராபிகாவை வாங்குவது நல்லது. பீபரி என்பது ஒரு பழத்தில் இரு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்தது. உருண்டையாயிருப்பதால் சட்டியிலும் உருளையிலும் சீராகப் புரளும். ரொபஸ்டா கசப்பும் காட்டமும் மிக்கது. பாலுடன் கலக்கும்போது சிறிதளவு சேர்த்தால் திடம் கூடும். பருவக்காற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தும் 'மான்சூன்டு மலபார்' வெளிறிய நிறமும் குறைந்த அடர்த்தியும் உடையது, விரைவில் கருகும். அதைப் பழகிய பிறகே தொடுங்கள்.

பச்சைக் கொட்டை, வறுத்ததைவிட நெடுநாள் இருக்கும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில், மசாலா வாசனை ஏறாமல் வைத்தால் ஆறு மாதத்திற்கு மேலும் கெடாது. எனினும் முதலில் ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம்.

வறுக்கும் முறை

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்.

1. அரிசிக்குக் கல் பொறுக்குவது போல, கொட்டையைச் சுளகில் பரப்பிக் கல், கறுத்துப் போனவை, பூச்சி துளைத்தவை ஆகியவற்றை நீக்குங்கள். ஒரு கல் போதும், அரைவை இயந்திரத்தின் பல்லை உடைத்துவிடும்.

2. தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் 120 கிராம் கொள்ளும் என்றால், முதல் சில தடவைகளில் 100 கிராமே போடுங்கள். அளவை மிஞ்சினால் கொட்டை புரளாது. சில கருகும், சில பச்சையாய் நிற்கும்.

3. சன்னலருகில், கல் மேடையின்மேல் இயந்திரத்தை வையுங்கள். திரைச்சீலை, செய்தித்தாள், எண்ணெய்ப் புட்டி எதுவும் பக்கத்தில் இருக்கலாகாது. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

4. ஆறச் செய்வதற்கான சல்லடையையும் மின்விசிறியையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கொட்டையை இறக்கிய பிறகு சல்லடையைத் தேடுவது, பதத்தைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

5. விசையை அழுத்தியபின் நகராதீர்கள். தொலைபேசி மணி அடிக்கட்டும். வாசலில் ஆள் அழைக்கட்டும். பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியிருந்தால் தொழுகைக்குப் பின் தொடங்குங்கள். மனத்தை இரு பக்கம் வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

6. முதல் வெடிப்பு தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். அது தொடங்கியபின், கொட்டை தானும் வெப்பத்தை வெளியிடும், காரியம் விரைந்தோடும். வெப்பத்தைச் சற்றே குறைத்துக்கொள்வது நல்லது.

7. நீங்கள் வேண்டும் பதத்திற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். இறக்கிய பிறகும் கொட்டை தன் சூட்டில் சிறிது வறுபடும்.

கூட்டினுள் தீப்பற்றிவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ வளரும். உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின் இயந்திரத்தின்மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் தீக்குக் காரணம், முன்பு வறுத்தபோது சேர்ந்து அகற்றப்படாத உலர்ந்த தோல்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் இயந்திரம் ஆறியபின் தோல் சேரும் தட்டைத் துடைத்து வைப்பது கட்டாயம்.

ஆற்றுதலும் ஆறவிடுதலும்

இறக்கிய கொட்டை நான்கைந்து நிமிடங்களுக்குள் கைபொறுக்கும் சூட்டுக்கு வர வேண்டும். சல்லடையில் கொட்டி, மின்விசிறியின் எதிரே குலுக்குங்கள். எஞ்சிய தோலைச் சுளகில் புடைத்துவிடுங்கள். இந்த வேலையில் நம் பெரியம்மாக்களின் சுளகை வெல்லும் கருவி இன்னும் வரவில்லை!

உடனே அரைத்துக் குடிக்க ஆசை எழும். பொறுங்கள். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக் கொண்டிருக்கும். அது டிகாஷன் இறங்குவதைத் தடுக்கும். சுவையும் கூடி வராது. 12 மணி முதல் 24 மணி நேரம்வரை, மூடியை இறுக்காமல் ஒரு புட்டியில் வையுங்கள். பிறகு இறுக மூடி, வெளிச்சம் படாமல் வைத்து, வேண்டும்போது வேண்டுமளவே அரையுங்கள். இரண்டு மூன்று வாரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். பெருநாள் விருந்துக்கு வறுப்பதானால், பிறை பார்க்கும் இரவில் அவசரப்படாமல் இரண்டு நாள் முன்னதாகவே வறுத்துவிடுங்கள்.

குறிப்பேடு ஒன்று வையுங்கள்

நாள், கொட்டையின் வகை, வறுக்குமுன் எடை, முதல் வெடிப்பு நேரம், இறக்கிய நேரம், வறுத்தபின் எடை, மறுநாள் சுவை. இந்த ஏழையும் ஒரு வரியில் எழுதி வாருங்கள். 100 கிராம் 85 கிராமானால் நடுத்தரம். 80 கிராமானால் கடுவறுவல். கண்ணை ஏமாற்றும் விளக்கொளி, தராசை ஏமாற்றாது.

காப்பி புல்போல் மணந்து, நாக்கைச் சுருக்கும் புளிப்பாயிருந்தால் வறுவல் போதவில்லை. கொட்டையின் ஒரு பக்கத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் தொடக்க வெப்பம் மிகுதி. நிறம் நன்றாயிருந்தும் சுவை சப்பென்றிருந்தால், குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வாட்டிவிட்டீர்கள். சாம்பல் வாசனை அடித்தால் இரண்டாம் வெடிப்பைத் தாண்டிப் போய்விட்டீர்கள். முதல் ஐந்தாறு தடவைகள் தவறுவது இயல்பே. சிறு அளவில் தவறிக் கற்பது பாடத்திற்குத் தரும் கட்டணம். கிலோக் கணக்கில் கருக்குவதோ விரயம்.

அண்டை வீட்டாரை மறவாதீர்

காப்பியின் மணம் வேறு. காப்பி வறுக்கும் புகை வேறு. இரண்டாம் வெடிப்பை நெருங்கும்போது எழும் புகை கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால், அவர் இருக்கும் அறைக்குப் புகை போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வழியில்லையெனில் இந்த ஆசையையே விட்டுவிடுவது மேல். அடுக்குமாடியில் இருப்போர், தம் சன்னலிலிருந்து போகும் புகை யார் சன்னலுக்குள் நுழைகிறது என்று ஒருமுறை வெளியே நின்று பார்க்கட்டும். அண்டை வீட்டாரின் உரிமை நம் மார்க்கத்தில் எத்துணை உயர்ந்தது! புகையை அனுப்பிவிட்டுக் காப்பியை நாம் மட்டும் குடிப்பது அழகா? வறுத்த கொட்டையில் ஒரு கைப்பிடியை அரைத்து அவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள்.

அன்பு நெஞ்சங்களே! இரண்டாவது இயந்திரத்தை வாங்குமுன் நான் ஓராண்டு இரும்புச் சட்டியிலேயே வறுத்தேன். அது வந்த அன்று மச்சானும் ஊரில் இருந்தார். தகட்டைப் படித்தேன், 230 வோல்ட் என்றிருந்தது. மச்சானிடமும் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னேன், இருவரும் சிரித்துக்கொண்டோம். உம்மா அருகில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் கொட்டை பழுப்பேறிக் கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். உம்மாவோ கண்களை மூடியிருந்தார்கள்.

"இப்ப நிறுத்து வாப்பா" என்றார்கள்.

நிறுத்தினேன். இரண்டாம் வெடிப்பின் முதல் ஓசை என் காதில் விழுமுன்பே அவர்கள் காதில் விழுந்திருந்தது. மறுநாள் சுப்ஹுக்குப் பின் அந்தக் காப்பியை நாங்கள் மூவரும் அருந்தினோம். மச்சான் இரண்டாம் குவளை கேட்டார்.

இயந்திரத்தை வாங்குங்கள், வசதியிருந்தால். அதற்குமுன் வறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் அறிந்த பெரியவர்கள் இருப்பார்களானால், அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நம் உழைப்பின் ஊதியம் வீண் போகாமலும், நம் இல்லங்களின் விருந்தோம்பல் குன்றாமலும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.